வரைவு விதிமுறைக்கு நிறுவனம் கருத்து அனுப்புவது: தொழில் சங்கம் போதுமா, தனியாகவும் அனுப்ப வேண்டுமா?

சுழல்கதிர் (கேள்வி)

வணக்கம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நூற்பாலைக்காகக் கேட்கிறேன். 40,000 கதிர் (நூல் நூற்கும் ஸ்பிண்டில்), 4,000 கேவிஏ டிமாண்ட் (வாரியத்திடம் ஒப்பந்தம் செய்த மின்பளு), சொந்தக் காற்றாலை (கேப்டிவ், அதாவது சொந்தப் பயன்பாட்டுக்கான மின் உற்பத்தி) உண்டு. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஓப்பன் ஆக்சஸ் (வாரியத்தின் கம்பி வழியே வேறு இடத்து மின்சாரத்தை எடுத்துவருவது), பேங்க்கிங் (மிச்ச உற்பத்தியை வாரியத்திடம் வரவு வைத்துப் பிறகு எடுப்பது) பற்றி வரைவு வெளியிடும்போதும், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உமிழ்வுத் தீவிர இலக்கு (உற்பத்தி அளவுக்கு இத்தனை கரியமில வாயு என்ற வரம்பு) மாதிரி வரைவு அறிவிக்கை கொண்டுவரும்போதும் "சங்கம் அனுப்பிடும், நாம எதுக்குத் தனியா?" என்பதுதான் நிர்வாகத்தின் பேச்சு.

கேட்க வேண்டியவை:

1. தனி நிறுவனத்தின் கடிதத்துக்கு மதிப்பு உண்டா? இருந்தால் எந்த வடிவில் இருக்க வேண்டும்?
2. எம்.டி. நேரில் போய் அதிகாரிகளைப் பார்ப்பது சரியா? எல்லை எது?
3. பிஆர்எஸ்ஆர் (பட்டியலிட்ட நிறுவனங்களின் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கையின் 7-ஆம் கோட்பாட்டில் (பொதுக் கொள்கையில் நிறுவனத்தின் பங்கு) இதையெல்லாம் எப்படிக் காட்டுவது?
4. சங்கத்தின் நிலைப்பாடும் நிறுவனத்தின் நிலைப்பாடும் வேறாக இருந்தால்?

பொதுவான அறிவுரை வேண்டாம். தாளில் என்ன எழுதுவது என்ற அளவுக்குச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மின்கட்டண மேசை

முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்வியில் பாதிக்கும் சொல்கிறேன். சுற்றுச்சூழல் வரைவைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

முதலில் கையில் இருக்கும் தாள் எது என்று பாருங்க. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 181-இன்படி வரும் வரைவு விதிமுறையா, பிரிவு 64-இன்படி மின்வாரியம் போட்ட கட்டண மனுவா? இரண்டுக்கும் "கருத்து தெரிவிக்கலாம்" என்றுதான் அறிவிப்பு வரும். ஆனால் பின்னால் போகும் பாதை வேறு. கட்டண ஆணை பிடிக்கவில்லை என்றால் பிரிவு 111-இன்படி, ஆணையின் நகல் கைக்கு வந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது ஆப்டெலுக்குப் போகலாம். விதிமுறையை அங்கே எதிர்க்க முடியாது. பிடிசி இந்தியா வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தீர்த்துவிட்டது. விதிமுறையை எதிர்க்க உயர் நீதிமன்றத்தில் ரிட் ஒன்றுதான் வழி, அங்கே எண்களை மறுபடி அலசிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே விதிமுறை வரைவில் சொல்ல வேண்டியதைக் கருத்துக் காலத்திலேயே சொல்லாவிட்டால் பிறகு சொல்ல இடமே இருக்காது. சங்கம் அனுப்பிய 12 பக்கத்தில் உங்கள் பிரச்சினை ஒரு வரியாக இருந்தால், ஆணையத்தின் பதிலும் ஒரு வரிதான்.

வடிவம்: நான்கு பத்தி அட்டவணை. வரைவின் உட்பிரிவு எண், வரைவில் உள்ள சொற்கள், நீங்கள் கேட்கும் மாற்றுச் சொற்கள், காரணமும் கணக்கும். மூன்றாவது பத்திதான் உயிர். "மறுபரிசீலனை செய்ய வேண்டும்" என்று எழுதினால் ஆணையத்தின் ஊழியர் அதை எந்தச் சொல்லாக மாற்றுவார்? விதிமுறையில் அப்படியே ஒட்டக்கூடிய வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுங்க.

பேங்க்கிங்கில் பலர் சறுக்கும் இடம் ஒன்று. 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட பசுமை ஓப்பன் ஆக்சஸ் விதிகள், பேங்க்கிங் குறைந்தது மாதாந்திர அடிப்படையில் தரப்பட வேண்டும், அளவு "விநியோக உரிமதாரரிடமிருந்து வாங்கும் மாத நுகர்வில்" (அதாவது மின்வாரியத்திடம் வாங்குவதில்) குறைந்தது 30 சதவீதம் என்று சொல்கின்றன. ஆலைக்காரர்கள் இதை மொத்த நுகர்வில் 30 சதவீதம் என்று படிக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, ஆடி மாதக் காற்றில் 30 லட்சம் யூனிட் உற்பத்தி, ஆலையின் நுகர்வு 23 லட்சம் என்று வைப்போம். நேரப் பிரிவுவாரி சரிக்கட்டல் (அந்தந்த நேரத்து உற்பத்தியை அதே நேரத்து நுகர்வில் கழிப்பது) முடிந்து, காலை மாலை உச்ச நேரத்துக்காக வாரியத்திடம் வாங்கியது 4 லட்சம் என்றால், 30 சதவீதம் என்பது 1.2 லட்சம் யூனிட்தான், 6.9 லட்சம் அல்ல. காற்று அதிகம் அடிக்கும் மாதத்தில்தான் வாரியத்திடம் குறைவாக வாங்குவோம். அதாவது பேங்க் செய்ய வேண்டிய மாதத்தில்தான் அளவு சுருங்கும். இந்த முரணை 12 மாத அட்டவணையாகப் போட்டுக் காட்டினால் எந்த ஆணையமும் படிக்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் ஏபிடி மீட்டரின் தரவிலிருந்து மாதவாரியாக உற்பத்தி, நுகர்வு, சரிக்கட்டியது, மிச்சம், காலாவதியானது என்று ஐந்து வரிசை போதும்.

ஒரு எச்சரிக்கை: அந்த 2022 விதிகளைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்தது. "மத்திய விதி சொல்கிறது, ஆகவே தா" என்று மட்டும் வாதம் கட்டினால் ஒரு காலில் நிற்கிற மாதிரி. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஊக்குவிக்கும் பொறுப்பை ஆணையத்துக்குத் தருவது சட்டத்தின் பிரிவு 86(1), கட்டணம் நிர்ணயிக்கும் கோட்பாடுகளில் அதைச் சேர்ப்பது பிரிவு 61. அடித்தளத்தை அங்கே போட்டுவிட்டு, மத்திய விதியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்க.

அடுத்த சறுக்கல் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் (வெளியே மின்சாரம் வாங்குபவர், மற்ற நுகர்வோரின் சலுகைக் கட்டணத்தை ஈடுகட்டத் தருவது). கேப்டிவ் நுகர்வுக்கு இது கிடையாது, ஆனால் மூன்றாம் நபரிடம் வாங்கும் மின்சாரத்துக்கு உண்டு. 2016 கட்டணக் கொள்கையின் சூத்திரம்:

சர்சார்ஜ் = கட்டணம் – [கொள்முதல் விலை ÷ (1 – இழப்பு சதவீதம்/100) + வழிச் செலவுகள் + ஒழுங்குமுறைச் சொத்துச் சுமை]

வழிச் செலவு என்பது மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கட்டணம், ஒழுங்குமுறைச் சொத்து என்பது பின்னால் வசூலிக்க ஒத்திவைத்த வாரியத்தின் பாக்கி. மேல் வரம்பு, அந்த நுகர்வோர் வகைக் கட்டணத்தில் 20 சதவீதம். மாதிரிக் கணக்கு: கட்டணம் 8.50 ரூபாய், கொள்முதல் 5.00, இழப்பு 15 சதவீதம், வழிச் செலவு 1.20, சொத்துச் சுமை பூஜ்யம். 5 ÷ 0.85 = 5.88. சர்சார்ஜ் 1.42 ரூபாய். இழப்பை 12 சதவீதமாகக் காட்டினால் 5 ÷ 0.88 = 5.68, சர்சார்ஜ் 1.62. கவனிச்சீங்களா? இழப்பு குறைந்தால் சர்சார்ஜ் ஏறுகிறது. கட்டண மனுவில் "வாரியம் இழப்பை ஊதிக் காட்டுகிறது, 12-க்கு மேல் ஏற்காதீர்கள்" என்று சண்டை போட்டுவிட்டு, அடுத்த மாதம் சர்சார்ஜ் மனுவில் 15-ஐ எடுத்துப் பேசினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் பழைய தாளையே தூக்கிக் காட்டுவார். இழப்பு குறைந்தால் மொத்த வருவாய்த் தேவை குறைந்து கட்டணமும் இறங்க வேண்டும் என்பது உண்மை. இரண்டையும் சேர்த்து, மாதம் எத்தனை லட்சம் யூனிட் எங்கிருந்து வாங்குகிறோம் என்று வைத்து நிகரக் கணக்குப் போட்ட பிறகு வாயைத் திறக்கணும்.

கேட்கக் கூடாத இடத்தில் கேட்பதும் வீண். மின்வரியும் மானியமும் அரசின் கையில். ஆணையத்திடம் மின்வரியைக் குறைக்கச் சொல்லி மூன்று பக்கம் எழுதினால் "அதிகார வரம்புக்கு அப்பாற்பட்டது" என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள், கூடவே உங்கள் நல்ல வாதத்தின் மேலிருந்த கவனமும் போய்விடும்.

கடைசியாக, நேரில் பார்ப்பது. ஆணையத்தின் நடவடிக்கைகள் பிரிவு 95-இன்படி நீதித்துறை நடவடிக்கையாகக் கருதப்படுபவை. மனு நிலுவையில் இருக்கும்போது தலைவரையோ உறுப்பினரையோ தனியாகப் பார்க்கக் கேட்காதீங்க. பொதுக் கருத்துக்கேட்பில் பேச முன்பதிவு செய்யுங்க. கிடைப்பது சில நிமிடம்தான், எழுத்தில் கொடுத்ததை வாசிக்காமல் அட்டவணையின் ஒரே ஒரு வரிசையைப் பேசுங்க.

கரிக்கணக்கு

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன்: "சொந்தக் காற்றாலை" என்று தாளில் எழுதும்போது 2005 மின்சார விதிகளின் விதி 3 பூர்த்தியாகிறதா என்று பாருங்க. குறைந்தது 26 சதவீத உரிமைப் பங்கு, ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீத சொந்த நுகர்வு. இரண்டில் ஒன்று தவறிய ஆண்டுக்குக் கேப்டிவ் தகுதி போய், சர்சார்ஜும் வந்து சேரும். கருத்துத் தாளோடு கொடுத்த தரவே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். கேப்டிவ் நுகர்வோருக்குக் கூடுதல் சர்சார்ஜ் (வாரியத்தின் நிலைச் செலவுக்காக வாங்கும் தனிக் கட்டணம்) கிடையாது என்று 2021 டிசம்பரில் ஜேஎஸ்டபிள்யூ ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தகுதி உள்ளவர்களுக்குத்தான்.

இப்போது சுற்றுச்சூழல் வரைவு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 1986, விதி 5-இன்படி வரும் வரைவுக்கு 60 நாள் அவகாசம். வரைவில் போட்ட தேதியிலிருந்து எண்ணாதீங்க, அரசிதழ் பொதுமக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணணும். இ-அரசிதழ் தளத்தில் ஏறிய தேதியைத் திரைப்பிடிப்பு எடுத்து வைங்க. இன்னொன்று: பொதுநலன் என்று கருதினால் இந்த அறிவிப்பையே தவிர்க்க அதே விதி அரசுக்கு அதிகாரம் தருகிறது. எனவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் 60 நாள் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது. உமிழ்வுத் தீவிர இலக்குகளுக்கான வரைவுகள் 2025-இல் வந்தன, ஜவுளியும் அந்தத் துறைகளில் ஒன்று. ஒரு டன் உற்பத்திக்கு இத்தனை டன் கரியமில வாயுச் சமானம் என்ற வடிவில் இலக்கு, அடிப்படை ஆண்டு 2023-24. இலக்கைத் தவறவிட்டு, பற்றாக்குறைக்குக் கார்பன் சான்றும் (இலக்கைவிடக் குறைத்தவர் பெற்று விற்பது) வாங்காவிட்டால் சராசரிச் சான்று விலையின் இரு மடங்கு இழப்பீடு. இங்கே நூற்பாலை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டன் என்றால் எந்த நம்பர் நூலின் டன்?

நம்பர் ஏற ஏற நூல் மெலியும், கிலோவுக்கு மின்சாரமும் கூடும். ஆலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. எல்லோரும் யூகேஜியை (ஒரு கிலோ நூலுக்கு ஆகும் யூனிட்) 40-ஆம் நம்பருக்கு ஈடாக்கித்தான் ஒப்பிடுகிறோம். அமைச்சகத்தின் மேசையில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்காதீங்க. எடுத்துக்காட்டுக்கு 30-ஆம் நம்பருக்குக் கிலோவுக்கு 3 யூனிட், 60-ஆம் நம்பருக்கு 7 யூனிட் என்று வைப்போம். அடிப்படை ஆண்டில் 70:30 ஓட்டியிருந்தால் சராசரி 4.2 யூனிட். சந்தை மாறி அடுத்த ஆண்டு 40:60 ஓட்டினால் 5.4. ஒரு கதிர் கூடக் கெடவில்லை, ஒரு யூனிட் கூட வீணாகவில்லை, தீவிரம் 28 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. மாறாக, மெல்லிய நூலை விட்டுவிட்டு முரட்டு நூலுக்கு வந்த ஆலை, ஒரு மோட்டாரைக் கூட மாற்றாமல் சான்று சம்பாதிக்கும். கேட்க வேண்டியது "இலக்கைக் குறையுங்கள்" அல்ல, "சமான உற்பத்தி என்பதற்கு இந்த வரையறையைச் சேருங்கள்" என்பது. கூடவே நம்பர்வாரி உற்பத்திப் பதிவு, துணை மீட்டர் அளவு (நூற்கும் ரிங்ஃபிரேம், நூல் சுற்றும் ஆட்டோகோனர், காற்றின் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன், கம்ப்ரசர் தனித்தனியாக), சரிபார்ப்பவர் எந்தப் பதிவேட்டைப் பார்த்து உறுதிசெய்வார் என்பது வரை எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிக்க முடியாது.

ஹியூமிடிஃபிகேஷனைத் தனியாகக் காட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெயில் மாதத்தில் அது ஏறும், நம்பரோடு நேர்விகிதத்தில் போகாது. அதையும் நம்பரால் ஈடாக்கினால் கணக்கு தப்பும், கண்டுபிடிப்பவர் மற்ற கணக்கையும் சந்தேகப்படுவார்.

கால நீட்டிப்பு கேட்பது பற்றியும் ஒரு வார்த்தை. அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு வரம்பு 2015 டிசம்பர் 7-இல் வந்தது, இரண்டு ஆண்டு அவகாசத்தோடு. பிறகு 2022 வரை நீட்டிப்பு, 2021 ஏப்ரலில் ஊர்த் தொலைவை வைத்து ஏ, பி, சி என்று பிரிப்பு, மறுபடி நீட்டிப்பு, 2024 கடைசியில் இன்னும் மூன்று ஆண்டு, 2025 ஜூலை 11-இல் சி வகை நிலையங்களுக்குப் புகைபோக்கி உயர நிபந்தனையோடு விலக்கு. தொழில்துறை கேட்டது கிடைத்ததே என்று சொல்லலாம். ஆனால் முதலிலேயே காசு போட்டு எஃப்ஜிடி (புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் அமைப்பு) கட்டிய நிலையம் என்ன ஆச்சு? செலவைக் கட்டணத்தில் ஏற்ற வேண்டிய நிலையில் நின்றது, பக்கத்தில் கட்டாதவர் மலிவாக மின்சாரம் விற்றார். நீட்டிப்பு கேட்டே ஆக வேண்டுமென்றால் ஆர்டர் தேதி, சிவில் வேலை, நிறுவல், சோதனை ஓட்டம் என்று படிப்படியான தேதியும், ஒவ்வொரு படி தவறினால் என்ன தொகை என்பதும் சேர்த்துக் கேளுங்க. முந்திச் செய்தவரைத் தண்டிக்காத நீட்டிப்பு அப்படித்தான் இருக்க முடியும்.

கம்பெனிச் செயலர் மேசை

மூன்றாம், நான்காம் கேள்விக்கு.

பிஆர்எஸ்ஆர், சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயம். உங்கள் நிறுவனம் அந்த 1000-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்க, இல்லையென்றால் விருப்பம்தான். 7-ஆம் கோட்பாடு கேட்பது இரண்டு அடுக்கு. கட்டாய அடுக்கில் எத்தனை தொழில் சங்கங்களில் உறுப்பினர், அவற்றில் முதல் பத்தின் பெயர், ஒவ்வொன்றின் வீச்சு மாநிலமா தேசியமா, போட்டிக்கு எதிரான நடத்தை பற்றி ஆணை வந்திருந்தால் எடுத்த திருத்த நடவடிக்கை. விருப்ப அடுக்கில்தான் நீங்கள் கேட்டது இருக்கிறது: முன்வைத்த கொள்கை நிலைப்பாடு, அதற்குக் கையாண்ட வழி, அது பொதுவெளியில் கிடைக்கிறதா, இயக்குநர் குழு எத்தனை முறை பரிசீலித்தது, இணைய இணைப்பு.

பெரும்பாலான அறிக்கைகளில் இந்த அட்டவணை "தொழில் அமைப்புகள் மூலம் அவ்வப்போது" என்று ஒரு வரியாக முடிந்துவிடுகிறது. அது எதையும் சொல்லாத வரி. ஒரு வரைவுக்கு ஒரு வரிசை போடுங்க. "மாநில ஆணையத்தின் ஓப்பன் ஆக்சஸ் வரைவு: பேங்க்கிங் அளவின் வரையறையைத் திருத்தக் கோரியது, எழுத்துப்பூர்வக் கருத்து, பொதுக் கருத்துக்கேட்பில் உரை, ஆம், அரையாண்டு, இணைப்பு." இணைப்பில் ஆணையத்துக்குக் கொடுத்த அதே பிடிஎஃப் இருக்கணும், சுருக்கிய அழகுப் பதிப்பு அல்ல. இயக்குநர் குழு பரிசீலித்தது என்று எழுதினால் கூட்டக் குறிப்பில் தீர்மான எண் இருக்கணும். உறுதிசெய்ய வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

சங்கத்தோடு கருத்து வேறுபாடு: மூன்று வழி உண்டு. சங்கத்தின் தாளில் எதிர்க்கருத்தைப் பதிவு செய்யக் கேட்பது, தனியாகக் கருத்து அனுப்பி "உட்பிரிவு இதில் எங்கள் நிலைப்பாடு சங்கத்தினின்று வேறானது" என்று ஒரு வரி எழுதுவது, இரண்டும் முடியாதபோது அறிக்கையில் சொல்வது. பேசாமல் இருப்பது நான்காவது வழி, அதுதான் வழக்கம். அப்போது சங்கத்தின் நிலைப்பாடே உங்களுடையது என்றுதான் முதலீட்டாளர் எடுத்துக்கொள்வார். அறிக்கையில் ஒரு பக்கம் பசுமை இலக்கு, சங்கத்தின் கடிதத்தில் அதே இலக்குக்கு எதிர்ப்பு என்றால் கேள்வி உங்களுக்குத்தான் வரும்.

சங்கத்துக்குத் தரவு கொடுக்கும்போது போட்டிச் சட்டம் பிரிவு 3-ஐ மறக்காதீங்க. மின்செலவு, யூகேஜி, உமிழ்வு இவற்றை ஒரு வெளித் தணிக்கையாளரிடம் கொடுத்து, அவர் ஆலைப் பெயர் இல்லாமல் தொகுத்துத் தருவது பாதுகாப்பு. "மின்கட்டணம் ஏறினா நூல் விலையைக் கிலோவுக்கு இத்தனை ஏத்திடலாம்" என்ற பேச்சு அதே கூட்டத்தில் வந்தால் எழுந்து வெளியே வந்து, வந்ததைக் குறிப்பில் ஏற்றச் சொல்லணும். கொள்கைக் கருத்து சொல்ல ஒன்றுகூடுவது குற்றமில்லை, விலை பேசுவது குற்றம். இரண்டும் ஒரே மேசையில் நடப்பதால்தான் சிக்கல்.

நேரில் பார்ப்பது: அமைச்சகத்திலும் துறையிலும் அதிகாரிகளைப் பார்க்கத் தடையில்லை. கொள்கைக்கு ஆதரவு திரட்டுவதைப் பதிவு செய்யும் சட்டமும் இந்தியாவில் இல்லை. 2013-இல் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 9, 2018 திருத்தத்துக்குப் பிறகு நிறுவனத்தையே குற்றவாளியாக்குகிறது. போதிய தடுப்பு நடைமுறை இருந்தது என்று காட்டுவதுதான் தற்காப்பு. ஆகவே எழுத்தில் நேரம் கேட்டு, நிகழ்ச்சி நிரல் அனுப்பி, இரண்டு பேராகப் போய், ஏற்கெனவே சமர்ப்பித்த தாளை மட்டும் கொடுத்து, அன்றே ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைங்க. பரிசுப் பெட்டி, விருந்து எதுவும் வேண்டாம். ஆலோசகர் வைத்தால் நிலையான கட்டணம், செய்ய வேண்டிய வேலை எழுத்தில். "விதி மாறினால் இத்தனை சதவீதம்" என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீங்க, அந்த ஒரு வரியே பிறகு சாட்சியாக நிற்கும்.

கட்சி நன்கொடை இதில் சேராது, ஆனால் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். 2024 பிப்ரவரி 15 தேர்தல் பத்திரத் தீர்ப்பு, நிறுவன நன்கொடைக்கு இருந்த வரம்பை நீக்கிய திருத்தத்தையும் செல்லாது என்றது. முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் என்பதே பழைய வரம்பு. கருத்துக் காலம் ஓடும்போது நன்கொடைத் தீர்மானம் போடுவது, சட்டம் அனுமதித்தாலும், புத்திசாலித்தனமில்லை.

எதிர்த்தரப்பு நாற்காலி

நுகர்வோர் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் கசக்கும்.

மேலே எல்லோரும் எப்படி வலுவாகக் கேட்பது என்று சொன்னீங்க. யார் கொடுப்பது என்று யாரும் சொல்லலை. காற்று மாதத்தில் எல்லா ஆலையும் ஒரே நேரத்தில் பேங்க் செய்கிறது, அப்போது சந்தை விலை இறங்கியிருக்கும். பிறகு காற்று இல்லாத மாதத்தில் திருப்பி எடுக்கும்போது வாரியம் விலை கூடிய மின்சாரத்தை வாங்கிக் கொடுக்கணும். அந்த வித்தியாசம் எங்கோ போய் விழும்: பேங்க்கிங் கட்டணத்தில் இல்லாவிட்டால் மற்ற நுகர்வோரின் கட்டணத்தில், அல்லது வாரியத்தின் கடனில். பேங்க்கிங் கேட்கும் நிறுவனம் அந்த எண்ணைத் தன் தாளிலேயே போட்டு, "இத்தனை சதவீதம் கட்டணம் ஏற்கிறோம், அதற்கு மேல் ஏன் நியாயமில்லை என்பதற்குக் கணக்கு இது" என்றால் நாங்களே எதிர்க்க மாட்டோம். போடாவிட்டால் வாரியம் போடும், அது ஊதிய எண்ணாக இருக்கும், அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, எண்ணிக்கை பற்றிய மயக்கம். ஒரே கடிதத்தை 60 ஆலை பெயர் மாற்றி அனுப்புவது. ஆணையம் விதிமுறையோடு வெளியிடும் காரண விளக்க அறிக்கையில் கருத்துகள் பொருள்வாரியாகத் தொகுக்கப்படும். 60 நகல் ஒரே பத்தியில் அடங்கிவிடும். வேறு வேறு நம்பர் நூல், வேறு வேறு காற்றாலைத் தளம் கொண்ட ஐந்து ஆலைகள் தத்தம் கணக்கைக் கொடுத்தால் அது ஐந்து சான்று.

ரகசியம் பற்றியும். ஆணையத்துக்கோ அமைச்சகத்துக்கோ அனுப்பியதை நாங்கள் ஆர்டிஐ-யில் கேட்போம். வணிக ரகசியம் என்று பிரிவு 8-ஐக் காட்டலாம், மூன்றாம் தரப்பு என்று பிரிவு 11-இல் உங்களைக் கேட்பார்கள், ஆனால் பொது ஆலோசனைக்கு அனுப்பிய முழுக் கடிதத்தையும் மறைக்க அது உதவாது. உண்மையிலேயே ரகசியமான எண் இருந்தால் (வாடிக்கையாளர்வாரி விலை மாதிரி) இணைப்பு ஒன்றில் தனியாக வைத்து, ஏன் ரகசியம் என்று இரண்டு வரி எழுதுங்க, மற்றதைத் திறந்து வைங்க.

2020 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை நினைச்சுப் பாருங்க. ஊரடங்கு நடுவில் வந்தது. இந்தி, ஆங்கிலம் தவிர மற்ற மொழியில் இல்லை என்ற சண்டையில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 11 வரை நேரம் கொடுத்து, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது. பொதுக் கேட்புக்கான நோட்டீஸ் காலத்தை 30 நாளிலிருந்து 20 ஆக்கும் யோசனை அதில் இருந்தது. "சீக்கிரம் அனுமதி" என்று வரவேற்கும் நிறுவனம், அந்தப் பத்து நாளை யார் இழக்கிறார்கள் என்பதையும் எழுதணும். உங்கள் ஆலையின் பக்கத்து ஊர்க்காரர் அந்தத் தாளைப் படிப்பார் என்று நினைத்து எழுதினாலே பாதி வாக்கியம் தானாகத் திருந்தும்.

சுழல்கதிர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சின்னச் சந்தேகம். ஒன்று, வரைவு கண்ணில் படும்போது பெரும்பாலும் 9, 10 நாள்தான் மிச்சம் இருக்கும். அவ்வளவில் எதை முதலில் செய்வது? இரண்டு, மாநில ஆலோசனைக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி இருக்கிறாரே, அவர் மூலம் சொன்னால் போதாதா?

மின்கட்டண மேசை

ஆலோசனைக் குழு பிரிவு 87-இன்படி அமைவது, அதிகபட்சம் 21 பேர். வணிகம், தொழில், போக்குவரத்து, விவசாயம், தொழிலாளர், நுகர்வோர் என எல்லோரும் அதில் உண்டு. அவர் துறைக்குப் பேசுவார், உங்கள் மீட்டருக்குப் பேச மாட்டார். உங்கள் அட்டவணையின் ஒரு பக்கச் சுருக்கத்தை அவருக்கு அனுப்பி வைங்க, ஆனால் அது கருத்து சமர்ப்பித்ததாக ஆகாது.

9 நாளில்: முதல் நாளே கால நீட்டிப்புக் கடிதம் அனுப்பிடுங்க, ஆனால் கிடைக்காது என்று வைத்து வேலை செய்யுங்க. இரண்டாம் நாள் முழு வரைவையும் படித்து உங்களைத் தொடும் மூன்று உட்பிரிவை மட்டும் எடுங்க, பத்து எடுத்தால் ஒன்றும் முடியாது. மூன்று முதல் ஐந்து, மீட்டர் தரவு இறக்கி 12 மாத அட்டவணை. இங்கேதான் நேரம் போகும், ஏனென்றால் காற்றாலைத் தள அளவீடும் ஆலை மீட்டரும் இழப்புக் கழிவால் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் கழிவு சதவீதத்தை வெளிப்படையாக எழுதிடுங்க. ஆறாம் நாள் மாற்றுச் சொற்கள். ஏழாம் நாள் நிர்வாகத்தின் ஒப்புதலும் கையெழுத்திடுபவருக்கான அதிகாரக் கடிதமும், அது இல்லாமல் போனால் ஆட்சேபணை நிற்காது. எட்டாம் நாள் மின்னஞ்சல், அறிவிப்பில் கேட்ட எண்ணிக்கையில் காகித நகலும் பதிவுத் தபாலில். ஒன்பதாம் நாளுக்கு வேலை வைக்காதீங்க, அன்றைக்குத்தான் சர்வர் படுக்கும்.

பிடிஎஃப் மட்டும் அனுப்பாமல், சூத்திரங்களோடு எக்செல் கோப்பையும் இணையுங்க. ஆணையத்தின் ஊழியர் ஒரு எண்ணை மாற்றிப் பார்க்க முடிந்தால், உங்கள் கணக்கை அவரே எடுத்துப் பயன்படுத்துவார்.